ஸ்டாண்டு அண்ணன் ஓடிய நாலு செகண்டு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஓர் ஆள் இன்னோர் ஆளைத் துரத்திக்கொண்டு ஓடினால் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். ஸ்டாண்டு அண்ணன் ஓடுகிறார், யாரோ எதையோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள்தான் பதறி எழுந்திருப்பார்கள். டீக்கடைக்காரர் அவர்களிடம், ஒன்றுமில்லை, நீங்கள் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார்.

பேருந்து நிலையத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு தனியார் வண்டி நிறுத்தம் இருந்தது. பைக்கையும் ஸ்கூட்டரையும் காலையில் அங்கே விட்டுவிட்டு, மதுரைக்கோ உசிலம்பட்டிக்கோ பஸ் ஏறுவோம். ஊரில் அதற்கு ஸ்டாண்டு என்றுதான் பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவருக்கென்று ஒரு பெயர் உண்டு, எனக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. அந்த மனிதரை ஒருமுறை ஊருக்கு அடையாளம் காட்டியது போதும்.

பார்வைக்கு ஆள் முரடுதான். நல்ல உயரம், நல்ல கறுப்பு, மேலுதட்டை முழுக்க மூடிய மீசை. இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு வேறு. எவனோ அரிவாளால் போட்டது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஸ்டாண்டில் நின்ற ஒரு கனத்த பைக் அவர் மேல் சாய்ந்ததில் வந்த தழும்பு அது. அதே விபத்தில் வலது முழங்காலும் கெட்டுப்போனது. அதனால் ஓடும்போது அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசி வீசி ஓடுவார். இடது கை கைலியைத் தூக்கிப் பிடித்திருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் எதுவானாலும் இடது கக்கத்தில் இடுக்கியிருக்கும். வலது கையை மட்டும் காலியாக வைத்திருப்பார். பிடிப்பதற்கு அந்தக் கை வேண்டும்.

ஆம், பிடிப்பார். கூப்பிட மாட்டார். பின்னாலிருந்து போய் கைப்பையின் வாரையோ சட்டைக் காலரையோ கிடைத்ததைப் பிடித்து நிறுத்திவிடுவார். ஏன் இப்படி, ஒரு குரல் கொடுத்தால் என்ன என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. "பஸ் ஸ்டாண்டுல நின்னு ஏம்மான்னு கத்துனா இருவது பொம்பளைக திரும்புவாக. மறந்துட்டுப் போன பொம்பள மட்டும் திரும்பாது" என்பார். அது உண்மைதான். ஹாரன் சத்தமும் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவுகிற சத்தமுமாகக் கிடக்கும் இடத்தில் ஒருவர் குரலுக்கு என்ன மரியாதை?

பொருளைக் கையில் கொடுத்ததும் நன்றி சொல்ல விடமாட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே திட்டுவார். இம்புட்டு மறதியோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று ஆரம்பித்து அரை நிமிடம் திட்டிவிட்டு, காலை வீசிக்கொண்டு திரும்பி வருவார். எடுத்து வைத்திருந்தால் சாயங்காலம் அவர்களே வந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று ஒருமுறை கேட்டேன். "அதுவரைக்கும் அது எங்கிட்டல்ல தம்பி இருக்கணும்? அடுத்தவுக பொருள் கையில கெடந்தா எனக்குச் சோறு எறங்காது, அம்புட்டுத்தான்" என்றார். நேர்மை, நியாயம் என்று அவர் பேசி நான் கேட்டதே இல்லை. சிலருக்குத் தும்மல் வந்தால் அடக்க முடியாது, அதுபோல அவருக்கு இது.

இதனால் வந்த கூத்துகள் கொஞ்சமா? ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கைக்குட்டையில் சுற்றிய பல்செட்டை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார். அண்ணன் ஓடிப்போய், படியில் காலை வைத்தவரின் வேட்டியைப் பிடித்தார். வேட்டி கையோடு வந்துவிட்டது. வாத்தியார் பல் இல்லாத வாயால் திட்டியது யாருக்கும் விளங்கவில்லை. கைக்குட்டையை வாங்கிப் பிரித்து, பல்லை மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து தெளிவாக மறுபடியும் திட்டினார். இன்னொரு நாள் ஒரு நர்ஸ் அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறியவர், கூட்டத்தில் அந்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து இறங்கும்போது செக்கானூரணி வந்துவிட்டது. அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வருவதற்குள் ஸ்டாண்டில் ஆளில்லாமல் முப்பது நாற்பது வண்டிகள் கேட்பாரற்று நின்றன. ஸ்டாண்டு ஓனர் வாய்க்கு வந்தபடி ஏசினார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அந்தம்மா சாப்பிட்டிருக்கும் என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கும் ஒரு தடவை நடந்தது. கல்லூரி மூன்றாம் ஆண்டு, கடைசிப் பரீட்சை. பஸ் நகர்ந்துவிட்டது, நான் படியில் நிற்கிறேன், எதிரே எங்கள் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர். பின்னாலிருந்து காலரை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. திரும்பினால் இவர். எனக்கு மானம் போனதுபோல் இருந்தது. சட்டையை விடுங்க என்று அத்தனை பேர் முன்னால் எரிந்து விழுந்தேன். கக்கத்திலிருந்து என் ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். பைக்கின் டேங்க் கவரில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு என்னை அவர் திட்டவில்லை. பரீட்சைக்குப் போகிறவனைத் திட்டக் கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆக, அவர் கை ஒருவரைப் பிடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்ல முடியாது.

ஸ்டாண்டின் உள்ளே ஆணி அடித்த ஒரு பலகை உண்டு. நேரமாகிவிட்டவர்கள் வண்டியை வாசலிலேயே நிறுத்திச் சாவியை அவர் கையில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர் வண்டியை உள்ளே தள்ளி வைத்து, சாவியை ஆணியில் மாட்டுவார். காலை ஒன்பது மணிக்குப் போனால் பலகை நிறைந்திருக்கும். வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதில் அதிகம். சுற்று வட்டாரத்து வீடுகளில் பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கும்போதே, அந்த ஸ்டாண்டில் விடு, அந்த ஆள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தப் பலகைதான் அவருடைய பிழைப்பு.

படிப்பு முடித்து நான் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு ஊரில் ஒரு ஸ்டுடியோ போட்டேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு. வண்டி விட வருகிற ஒவ்வொருவரிடமும், நம்ம தம்பி நன்றாக வீடியோ எடுக்கும் என்று அவராகவே சொல்லி அனுப்புவார். என்னுடைய முதல் வருஷத்து வேலைகளில் பாதி அவர் வாய்வழி வந்தவை.

இரண்டு சட்டசபைத் தேர்தலுக்கு முன்னால், ஒரு கட்சி வேட்பாளரின் பிரச்சார வீடியோ வேலை எனக்கு வந்தது. எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. இந்தச் சட்டம் ஒழுங்கு விளம்பரம் எல்லாக் கட்சிக்கும் ஒரே சமையல்தான். ஆட்சியில் இருப்பவர்களுக்கென்றால் வெயில் அடிக்கும், ரோந்து வண்டி போகும், விடியற்காலையில் கோலம் போடுகிற பெண் நிமிர்ந்து சிரிப்பாள். எதிரே நிற்பவர்களுக்கென்றால் இருட்டு, சைரன் சத்தம், நாய் குரைப்பு, தனியாக நடக்கும் ஒரு பெண், சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி. கடைசியில் இரண்டிலுமே வேட்பாளர் கும்பிட்டபடி வருவார், முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழும். அப்போது எனக்கு வந்தது இருட்டு விளம்பரம்.

பிரச்சார ஒருங்கிணைப்பாளர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்தார். எதிர் அணிக்காரர்கள் வேறு மாநிலத்துக் காட்சியைப் போட்டு மாட்டிக்கொண்டதால், நமக்கு நம்ம ஊர்க் காட்சிதான் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கடைகடையாகச் சொல்லி சிசிடிவி பதிவுகளை பென் டிரைவில் வாங்கி வந்து கொட்டினார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். ஆடு போஸ்டரைத் தின்றது. ஒருவர் வழுக்கி விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு எழுந்து போனார். நாய்கள் தூங்கின. எங்கள் ஊரில் குற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் கேமரா முன்னால் நடந்திருக்கவில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு எரிச்சலாகிவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்தக் காட்சி வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த செல்போன் கடையின் கேமரா. ஒரு பெண் காதில் போனை வைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறாள். பின்னால் காலை வீசியபடி ஒருவர் ஓடி வருகிறார். வலது கை அவள் கைப்பையின் வாரைப் பிடிக்கிறது. அவள் வாயைத் திறந்து, அரண்டு திரும்புகிறாள். இதுவரை நாலு செகண்டு. அதற்குப் பிறகு அவர் கக்கத்திலிருந்து ஒரு பெரிய பழுப்புக் கவரை எடுத்து நீட்டுகிறார். ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர். அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டு, கும்பிடுகிறாள். அவர் கையை ஆட்டி ஆட்டித் திட்டுகிறார். மொத்தம் பத்தொன்பது செகண்டு.

"இதுதான் ப்ரோ" என்று ஒருங்கிணைப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

இது திருட்டு இல்லை, மறந்துவிட்டுப் போனதைக் கொடுக்கிறார், பின்னால் பாருங்கள் என்றேன். இதை நான் சொன்னேன் என்பது மட்டும்தான் இந்தக் கதையில் என் பக்கம் இருக்கிற ஒரே நல்ல விஷயம்.

"திருட்டுன்னு நாம எங்க சொல்லப் போறோம்? அந்தம்மா பயந்து திரும்புறாங்கல்ல, அதோட நிறுத்துங்க. மேல ஒரு கேள்வி மட்டும் போடுவோம். கேள்வி கேக்குறதுல என்ன தப்பு?"

பிறகு, ஆளைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பார்க்க அப்படியே பொருத்தமாக இருக்கிறான் என்றார். என் சித்தப்பா இருப்பதும் அப்படித்தான், மீசை வைத்தால் நானும் ஏறக்குறைய அப்படித்தான். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொகுதி முழுவதற்குமான வீடியோ வேலையை எனக்கே தருவதாக அவர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

வெட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன் என்றால் பொய். ரசித்து வெட்டினேன். பகல் காட்சியைச் சாம்பல் பச்சையாக மாற்றினேன். ஓட்டத்தை மெதுவாக்கினேன். அந்தக் கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டேன். அவள் வாய் திறக்கிற இடத்தில் சைரனை ஏற்றி, உடனே திரையை இருட்டாக்கினேன். சிவப்பில் எழுத்து: உங்கள் வீட்டுப் பெண் பத்திரமாகத் திரும்புவாளா? ஒருங்கிணைப்பாளர் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுவது அந்தப் பெருமைக்காகத்தான்.

மனசாட்சிக்கு என்று ஒன்று செய்தேன். அவர் முகத்தைக் கட்டம் கட்டமாக மறைத்தேன். முகம் தெரியாவிட்டால் ஆளைத் தெரியாது என்று நினைத்தேன். டிவியில் முகத்தை மறைத்துக் காட்டுவது யாரை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. அந்தக் காலைப் பார்த்த மாத்திரத்தில் ஊரே சொல்லிவிடும் என்பதும் ஏறவில்லை. மூன்று வருஷம் அந்த ஓட்டத்தைத் தினமும் பார்த்தவன் நான்.

வீடியோ வெளியான இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரை வைத்த பிரச்சார வேன் பேருந்து நிலையத்துக்கு வந்தது. வெளிச்சத்தில் திரை எப்படித் தெரிகிறது என்று பார்க்க நானும் போய் டீக்கடையில் நின்றிருந்தேன். வேன் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே நின்று அதையே திரும்பத் திரும்ப ஓட்டியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மெதுவாக, இது நம்ம அண்ணன் மாதிரியில்ல இருக்கு என்றார். அதற்குள் அவரே சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"நான்தான் இது. நான் குடுக்குறத எங்க காணோம்?" என்றார்.

சிலர் சிரித்தார்கள். வேன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அவரிடம் பட்டன் போன்தான். பக்கத்தில் இருந்தவரின் போனில் அந்த வீடியோவைப் போடச் சொன்னார். அது முடிந்ததும் வேறு ஒருவரிடம் போய், உங்கள் போனில் பார்ப்போம் என்றார். முதல் போன் பாதியோடு நின்றுவிட்டது என்று நினைத்தார். மூன்று போன் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ வீடியோக்காரன். உன் போன்ல முழுசா வரும், போடு பாப்போம்."

போட்டேன். என் கையாலேயே போட்டேன். அந்த நாலு செகண்டும் ஓடித் திரை இருட்டானது. எழுத்து வந்தது, வேட்பாளர் வந்து கும்பிட்டார், அதுவும் முடிந்தது. அவர் போனைத் திருப்பித் தரவில்லை. இன்னும் வரும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான், அவ்வளவுதாண்ணே என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முழுக் காட்சி என் ஸ்டுடியோவில், நூறு அடி தூரத்தில் இருந்தது. தேர்தல் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேர்தல் முடிந்தது. அந்த வேட்பாளர் தோற்றுப் போனார். அதற்குப் பிறகு, இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

ஊரில் தெரிந்தவர்கள் முதலில் அவருக்காகச் சண்டைதான் போட்டார்கள். ஆனால் வீடியோ ஊரோடு நிற்கவில்லை. சுற்றுப்பட்டுக் கிராமத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றியது. அவரைப் பார்த்தே இராத அப்பாக்கள், அந்த ஸ்டாண்டில் விடாதே என்று மகள்களிடம் சொன்னார்கள். பேருந்து நிலையத்தின் மறுபக்கம் இருந்த இன்னொரு ஸ்டாண்டுக்குப் பெண்கள் மாறினார்கள். ஒரு மாதத்தில் டீக்கடைக்காரரே, "என்ன இருந்தாலும் பொம்பளப் புள்ள பையப் புடிச்சிருக்கக் கூடாதுல்ல" என்று பேச ஆரம்பித்தார். பலகையில் ஆணிகள் தெரிந்தன. ஓனர் அவரைக் கூப்பிட்டு, இனி யார் பின்னாலும் ஓடக் கூடாது, எதை விட்டுவிட்டுப் போனாலும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் வண்டி எடுக்கப் போயிருந்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பால் பாட்டிலை ஸ்கூட்டரின் முன் கூடையில் வைத்துவிட்டுப் பஸ்ஸை நோக்கிப் போனாள். அண்ணன் பார்த்துவிட்டார். ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். ஏம்மா, ஏம்மா என்று கத்தினார். அவர் சொன்னதுபோலவே வேறு யார் யாரோ திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கொடுத்துவிட்டு வந்தபோது அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கொஞ்ச தூரம் போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன். அவர் முன்னால் நிற்க முடியவில்லை.

அந்த ஸ்கேன் கவர் பெண்ணை அவர் தேடிப் பார்த்தார். அவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். கீழக்குயில்குடிப் பக்கம் என்று யாரோ சொன்னதை வைத்து அங்கேயும் போய் இரண்டு நாள் விசாரித்தார். தழும்பும் மீசையுமாக ஒருவர் வந்து, பெயர் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி வீடு வீடாக விசாரித்தால் என்ன சொல்வார்கள்? இரண்டாம் நாள் மரியாதையாகப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் ஸ்டேஷனில் மனுக் கொடுக்கத் தனியாகப் போனார். வீடியோவில் முகமே தெரியவில்லையே, அது நீதான் என்று யார் சொன்னது, எதை வைத்து விசாரிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் ஓனர் வேறு ஆளைப் போட்டார். இவர் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து, இணையத்தில் வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அந்தப் பத்தொன்பது செகண்டையும் முழுதாகப் போட்டேன். ஒருவர் மட்டும், வீடியோ தெளிவாக இல்லையே என்று எழுதியிருந்தார்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனார் என்று ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஆடி மாதம். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, வேட்டி. அவரை வேட்டியில் அன்றைக்குத்தான் பார்த்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்து, நன்றாக வைத்திருக்கிறாய் என்றார். தண்ணீர் கொடுத்தேன். முழுக் காட்சி இருந்த ஹார்ட் டிஸ்க் அவர் முழங்கைக்குப் பக்கத்தில், மேஜை மேல் இருந்தது.

அவர் மூத்த மகளை உசிலம்பட்டிப் பக்கத்தில் ஓரிடத்தில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ அந்த வீடியோவைக் காட்டிவிட்டார்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை அவர் குரலை உயர்த்தாமல், வண்டிக்கு டோக்கன் நம்பர் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"புதன்கெழம ஸ்டேசனுக்குப் போறேன் தம்பி. வீடியோ தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கூட வந்து சொன்னா எடுத்துக்குவாகளாம். நீ ஒண்ணும் பெருசாப் பேச வேணாம். இது பாதியில வெட்டுனதுன்னு ஒரு வார்த்த சொல்லு. யாரு வெட்டுனான்னுல்லாம் எனக்கு வேணாம். வெட்டுனதுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

யார் வெட்டியது என்று அவருக்கு அப்போது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

நான் ஸ்டேஷனுக்குள் நிற்பதை நினைத்தேன். வெட்டியது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒருங்கிணைப்பாளர் ஞாபகம் வந்தார், கட்சிக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள், வாசலில் மாட்டியிருந்த என் பெயர்ப் பலகை ஞாபகம் வந்தது. அவர் மகள் ஞாபகம் கடைசியாகத்தான் வந்தது, அதற்குள் வாய் பேசிவிட்டது.

"புதன்கெழம ஒரு கல்யாணம் இருக்குண்ணே. வீடியோ எடுக்கப் போகணும்."

சொல்லி முடித்த பிறகு குழாய்ப் பாட்டு என் காதில் விழுந்தது. ஆடியில் எங்கள் பக்கம் அம்மன் கும்பிடுகிற எந்த வீட்டிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மனிதருக்கு அது தெரியாமல் இருக்குமா? கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, எதையோ தேடுவதுபோல மௌஸை அசைத்தேன்.

அவர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தார். டம்ளரை மேஜையில் வைத்தார். எழுந்து வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார். இன்னொன்றை மாட்டுவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. விழுந்துவிட்டதை எடுத்துக் கொடுக்கிற அதே அவசரம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"பாய் வீட்டுக் கல்யாணமா தம்பி?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.